வந்ததும், இருந்தால், வரை: உங்கள் வீட்டுக்கு நீங்களே புரோகிராம் எழுதலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "புரோகிராம் எழுதுவீர்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் இன்ஜினியரிங் படித்தவர்கள் வேலை" என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் கடைகளில் கிடைக்கும் ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், வை-பை சுவிட்ச் ஆகியவற்றை வாங்கி வீட்டில் மாட்டியவர்கள் எல்லோருமே இன்று புரோகிராம் எழுத வேண்டியவர்களாகிவிட்டார்கள். விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும், மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று அந்தச் சாதனத்திற்கு யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா? அப்படிச் சொல்லும் ஒவ்வொரு விதியும் ஒரு சிறிய புரோகிராம்தான்.

இந்த விதிகளை யார் எழுதுவது? சாதனத்தை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியனா, வெளியூரில் வேலை பார்க்கும் மகனா, அல்லது அந்த வீட்டிலேயே வசிப்பவரா? சாப்ட்வேர் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டில் வசிப்பவர்தான் எழுத வேண்டும். எந்த மூலையில் எப்போது இருட்டும், கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் குறையும், தாத்தா இரவில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதற்குக் கம்ப்யூட்டர் மொழி எதுவும் கற்க வேண்டியதில்லை. மூன்று தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும். அவை என்ன என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

உதாரணத்திற்கு ஜவ்வாது மலையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜமுனாமரத்தூர் பக்கம், சாமை விளையும் நிலத்தை ஒட்டி ஒரு வீடு. கிணறு, மேல்நிலைத் தொட்டி, வாசல் விளக்கு, வீட்டில் வயதான பெற்றோர், வேலைக்காக வெளியூர் போய்விட்ட பிள்ளைகள். காற்று மழை நாளில் மின்சாரம் போகலாம், போன் சிக்னலும் போகலாம். நகரத்தின் அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்து எழுதிய விதிகள் இங்கே தடுமாறும். இங்கே சரியாக ஓடும் விதி வேறு எங்கும் ஓடும். அதனால்தான் இந்த வீட்டை எடுத்துக் கொண்டேன்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த புரோகிராம்

ஸ்மார்ட் வீடு என்ற சொல் பரவுவதற்கு முன்பே, தமிழ்நாட்டுக் கிணற்று மேடுகளில் புரோகிராம் ஓடிக் கொண்டிருந்தது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் கிடைத்த காலத்தில், நள்ளிரவில் கரண்ட் வந்தால் எழுந்து போய் மோட்டார் போட வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க விவசாயிகள் ஸ்டார்ட்டரோடு ஆட்டோ சுவிட்ச் என்ற சிறு பெட்டியைச் சேர்த்து மாட்டினார்கள். கரண்ட் வந்ததும் அது மோட்டாரை ஓட்டிவிடும். "மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடு" என்ற ஒரே வரிப் புரோகிராம் அது.

அந்த ஒரு வரியில் இருந்த குறைகளையும் விவசாயிகள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகியது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லா ஆட்டோ சுவிட்சுகளும் ஒரே நொடியில் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் சரிந்து எந்த மோட்டாரும் ஒழுங்காகக் கிளம்பாது. இண்டக்ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் எடுக்கும் என்பதே காரணம். ஆகவே தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் வசதியும், சில நிமிடம் தாமதித்துக் கிளம்பும் டைமரும் சேர்க்கப்பட்டன. புரோகிராமை ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, திருத்தினார்கள். எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்வதும் இதைத்தான்.

பிறகு செல்போன் வந்தது. புனேயைச் சேர்ந்த ஓசியன் அக்ரோ ஆட்டோமேஷன் நிறுவனத்தின் நானோ கணேஷ் போன்ற கருவிகள், தொலைவில் இருந்தே போன் மூலம் பம்ப்செட்டை இயக்க வழி செய்தன. தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் கைபேசி மூலம் பம்ப்செட்டை இயக்கும் கருவிகளுக்கு மானியம் வழங்கியிருக்கிறது. ஆகவே "கிராமத்தில் இதெல்லாம் புரியுமா?" என்ற கேள்வியே தேவையில்லை.

ஜிக்சா துண்டும் காந்தச் சொல்லும்

வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்கும் முயற்சி பழையது. ஸ்காட்லாந்தின் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975-ல் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் உள்ள மின்சார வயர் வழியாகவே கட்டளையை அனுப்பி விளக்கை இயக்கும் முறை அது. ஆனால் சாதாரணப் பயனாளர் தனக்கு வேண்டிய விதியை எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு வெகு நாள் விடை இல்லை.

2003-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு வழியைச் சொன்னார்கள். ஒவ்வொரு சாதனத்தையும் ஜிக்சா படத்துண்டு போலத் திரையில் காட்டினார்கள். அழைப்பு மணித் துண்டுக்குப் பக்கத்தில் கேமராத் துண்டைப் பொருத்தினால், மணி அடித்ததும் கேமரா படம் எடுக்கும். 2004-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் கொண்டு வந்தார்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டி விளையாடும் காந்தச் சொற்களைப் போல, சொற்களை அடுக்கி வாக்கியம் அமைத்தால் அதுவே கட்டளையாகிவிடும். பின்னர் 2010-ன் இறுதியில் அறிமுகமான இஃப்ட் என்ற இணையச் சேவை, "இது நடந்தால் அதைச் செய்" என்ற ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் அடக்கியது. இன்று கூகுள் ஹோம், அலெக்சா, ஸ்மார்ட் லைஃப் என எந்த ஆப்பைத் திறந்தாலும் உள்ளே இருப்பது இந்த அமைப்புதான்.

புரோகிராம் தெரியாதவர்களால் இதைப் பயன்படுத்த முடியுமா? 2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 226 பேரிடம் சோதித்தார்கள். முன் அனுபவம் இல்லாதவர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட நிபந்தனைகள் கொண்ட விதிகளை விரைவாக எழுதக் கற்றுக் கொண்டார்கள். இதே வகை விதிகள் இஃப்ட் தளத்தில் 2 லட்சத்துக்கும் மேல் பொதுவில் பகிரப்பட்டிருந்ததை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. எழுத முடியும் என்பதில் சந்தேகம் இல்லை. எழுதியது நாம் நினைத்தபடி நடக்கிறதா என்பதில்தான் சிக்கல்.

சிக்கல் எங்கே?

"மழை வந்தால் மோட்டாரை நிறுத்து." இந்த விதியைப் பாருங்கள். தெளிவாகத்தானே இருக்கிறது? இப்போது மூன்று கேள்விகள். மழை நின்ற பின் மோட்டார் தானாக மறுபடி ஓட வேண்டுமா? மழை பெய்து கொண்டிருக்கும்போதே அம்மா சுவிட்சைப் போட்டால், ஓட விட வேண்டுமா, மறுபடி நிறுத்த வேண்டுமா? நீங்கள் இந்த விதியை எழுதும்போதே மழை பெய்து கொண்டிருந்தால், இப்போது நிறுத்த வேண்டுமா, அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டுமா?

"வந்தால்" என்ற சொல் இரண்டு பொருள் தருகிறது. ஒன்று, மழை தொடங்கும் அந்த நொடி. இது நிகழ்வு. மற்றொன்று, மழை பெய்து கொண்டிருக்கும் நேரம் முழுவதும். இது நிலை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டையும் மக்கள் பிரித்துப் பார்க்காததால் ஒரே விதியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்து கொள்கிறார்கள் என்று கண்டார்கள். விளக்கு தானாக எரிந்தால், அது தானாக அணைந்தும் விடும் என்று ஒருவர் எதிர்பார்ப்பார். இன்னொருவர் எதிர்பார்க்க மாட்டார். சாதனமோ, எழுதியதை மட்டும் செய்யும்.

இங்கே நம் மொழி நமக்குக் கை கொடுக்கிறது. விதியை முதலில் ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். ஆனால் "வந்தால்", "இருட்டினால்", "திறந்தால்" என்று எழுதாதீர்கள். அவற்றுக்குப் பதிலாகக் கீழ்க்காணும் மூன்று சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள்.

1. வந்ததும்: விதியைக் கிளப்பிவிடும் நொடி. "மழை தொடங்கியதும்", "கதவு திறந்ததும்", "மணி ஏழு ஆனதும்". ஆப்களில் இதனை ட்ரிகர் அல்லது ஸ்டார்ட்டர் என்பார்கள்.

2. இருந்தால்: அந்த நொடியில் சரிபார்க்க வேண்டிய நிலை. "கிணற்றில் தண்ணீர் இருந்தால்", "வீட்டில் ஆள் இருந்தால்". இதற்கு ஆப்களில் கண்டிஷன் என்று பெயர்.

3. வரை: செயல் எங்கே முடிய வேண்டும் என்பது. "தொட்டி நிறையும் வரை", "இரவு 9 மணி வரை". பெரும்பாலான ஆப்களில் இதற்குத் தனிப் பெட்டி கிடையாது. நாம்தான் இரண்டாவது விதியாக எழுத வேண்டும். எல்லோரும் மறந்துவிடுவதும் இதைத்தான்.

இனி மலை வீட்டுக்குப் போய் இந்தச் சொற்களைப் பயன்படுத்திப் பார்ப்போம்.

முதல் விதி: தொட்டியில் தண்ணீர்

முதலில் மனதில் தோன்றுவது "தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடட்டும்" என்பதுதான். மூன்று சொற்களில் பிரித்தால் இப்படி வரும்:

தொட்டியில் தண்ணீர் கால் பங்குக்குக் கீழே இறங்கியதும், கிணற்றில் தண்ணீர் இருந்தால், மோட்டார் ஓட வேண்டும். தொட்டி நிறையும் வரை, அல்லது 40 நிமிடம் வரை, எது முந்துகிறதோ அதுவரை.

அந்த 40 நிமிடம் எதற்கு? தொட்டியின் மட்டத்தைப் பார்க்கும் சென்சார் பாசி படிந்தோ வயர் அறுந்தோ கெட்டுப் போகலாம். அப்போது "நிறைந்துவிட்டது" என்ற செய்தி வரவே வராது. மோட்டார் ஓடிக் கொண்டே இருக்கும். வழக்கமாகத் தொட்டி நிறைய 30 நிமிடம் ஆகும் என்றால் 40 நிமிடத்தில் கட்டாயம் நிற்கட்டும் என்று ஓர் எல்லை போட்டு வைப்பது பாதுகாப்பு. அந்த 30 நிமிடக் கணக்கு வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். கோடையில் ஊற்று குறையும்போது அதை மாற்ற வேண்டியவரும் அவர்தான்.

எச்சரிக்கை: மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் சொருகாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பாயும் கரண்ட், பிளக்கின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவைத் தாண்டிவிடும். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரியான ஸ்டார்ட்டர் அல்லது கான்டாக்டர் மாட்டி, அதன் காயிலை மட்டும் ஸ்மார்ட் சுவிட்ச் இயக்கும்படி செய்ய வேண்டும். அதேபோல கீசரை 6 அல்லது 10 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. அதற்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். வயரிங் வேலையை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். விதி எழுதுவதை நீங்கள் செய்யுங்கள்.

இரண்டாவது விதி: வாசல் விளக்கு

எல்லா ஆப்களிலும் "சன்செட்" என்ற வசதி இருக்கிறது. சூரியன் மறைந்ததும் விளக்கு எரியும். தினமும் நேரம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சூரிய மறைவு நேரம், உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, அடிவானம் சமதளமாக இருப்பதாகக் கருதிக் கணக்கிடப்படுகிறது. உங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு மலை முகடு நிற்பது அதற்குத் தெரியாது. வெயில் முகட்டுக்குப் பின்னால் போனதும் வாசலில் நிழல் விழுந்து, மரங்களுக்கு அடியில் சீக்கிரமே இருட்டிவிடும். பக்கத்துக் குன்றின் மேல் இருக்கும் வீட்டில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. இதற்காகவே பல ஆப்களில் "சூரியன் மறைவதற்கு இத்தனை நிமிடம் முன்பு" என்று மாற்றும் வசதி உள்ளது. நான்கு நாள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் சரியான எண் கிடைத்துவிடும்.

எப்போது அணைய வேண்டும் என்பதும் இந்த மலையில் முக்கியம். ஜவ்வாது மலையின் காவலூரில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சத்தில் இருந்து விலகிய காடு என்பதால் 1960-களில் இந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் உலகம் அறிந்தபோது, அதைப் பதிவு செய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இங்கேதான் உள்ளது. மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்கும் தொலைநோக்கிக்கு, வானத்தை நோக்கிச் சிதறும் ஒவ்வொரு விளக்கும் இடைஞ்சல்.

லடாக்கில் இதே நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கும் ஹான்லே பகுதி 2022-ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கிராம மக்களும் சேர்ந்து வெளி விளக்குகளின் ஒளி மேலே போகாமல் பார்த்துக் கொள்கிறார்கள். நம் மலை வீட்டுக்காரரும் ஒரு விதி மூலம் அதைச் செய்யலாம்:

சூரியன் மறைவதற்கு 25 நிமிடம் முன்பு ஆனதும் விளக்கு எரிய வேண்டும், இரவு 9 மணி வரை. அதன் பிறகு, வாசலில் நடமாட்டம் தெரிந்ததும், விடிவதற்கு முந்தைய நேரமாக இருந்தால், விளக்கு எரிய வேண்டும், 3 நிமிடம் வரை.

விளக்கைத் தரையைப் பார்த்து மாட்டி மேலே ஒரு தகட்டு மூடி வைத்தால் வேலை முடிந்தது. பாட்டி இரவில் வெளியே வந்தால் வெளிச்சம் கிடைக்கும். மற்ற நேரம் இருட்டு இருக்கும். கரண்ட் செலவும் குறையும்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பயிற்சி

ஸ்மார்ட் சாதனம் எதுவும் இன்னும் வாங்கவில்லையா? கவலை வேண்டாம். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே பழகிப் பார்க்கலாம். டாஸ்க் ஷெட்யூலர் என்ற புரோகிராம் விண்டோஸுடனேயே வருகிறது. தினமும் மாலை 7 மணிக்கு நோட்பேட் தானாகத் திறக்கும்படி அமைப்போம்.

1. ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து, தேடல் கட்டத்தில் டாஸ்க் ஷெட்யூலர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடுங்கள். பட்டியலில் கிடைப்பதைத் திறந்திடுங்கள்.

2. வலது பக்கம் உள்ள பிரிவில் கிரியேட் டாஸ்க் என்பதில் கிளிக் செய்திடுங்கள். புதிய விண்டோ கிடைக்கும். ஜெனரல் டேபில் ஒரு பெயர் கொடுங்கள். "மாலை 7 மணி நோட்பேட்" என்று தமிழிலேயே கொடுக்கலாம்.

3. ட்ரிகர்ஸ் டேபில் நியூ அழுத்தி, டெய்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை மாலை 7 என அமைத்து ஓகே கொடுங்கள். இதுதான் "வந்ததும்".

4. ஆக்ஷன்ஸ் டேபில் நியூ அழுத்துங்கள். ஸ்டார்ட் எ புரோகிராம் என்று இருக்கும். பிரவுஸ் அழுத்தி, சி டிரைவில் விண்டோஸ் போல்டரில் உள்ள நோட்பேடைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

5. கண்டிஷன்ஸ் டேபைப் பாருங்கள். கம்ப்யூட்டர் நேரடி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இதுதான் "இருந்தால்". அதன் கீழேயே, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்று இன்னொரு வரி இருக்கும். இது "வரை".

6. செட்டிங்ஸ் டேபில், இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற வரி உண்டு. நம் மோட்டாருக்குப் போட்ட 40 நிமிட எல்லை போன்றது இது. குறித்த நேரம் தவறிப் போனால், முடிந்தவரை சீக்கிரம் செய் என்ற வரியும் அங்கே இருக்கும். 7 மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் என்ன செய்வது என்பதை இங்கே முடிவு செய்யலாம்.

ஓகே கொடுத்துவிட்டு, பட்டியலில் உங்கள் டாஸ்க் மீது ரைட் கிளிக் செய்து ரன் கொடுத்துப் பாருங்கள். நோட்பேட் திறந்தால் உங்கள் முதல் விதி ஓடிவிட்டது. பிறகு ட்ரிகரை மாற்றி, கண்டிஷனை மாற்றி விளையாடிப் பாருங்கள். எதுவும் கெட்டுப் போகாது. வேண்டாம் என்றால் அதே ரைட் கிளிக் மெனுவில் டெலீட் கொடுத்து நீக்கிவிடலாம்.

போனில் அமைப்பது

டாஸ்க் ஷெட்யூலரில் பழகியவருக்கு மொபைல் ஆப் எளிது. இந்தியாவில் விற்கும் பல வை-பை பிளக்குகள் ஸ்மார்ட் லைஃப் என்ற ஆப்பில் இயங்குபவை. அதில் ஸீன் என்ற பகுதியில் ஆட்டோமேஷன் அமைக்கலாம். "இஃப்" என்ற பெட்டியில் நம் "வந்ததும்" போக வேண்டும். "தென்" என்ற பெட்டியில் செயல் போக வேண்டும். "இரவு 9 மணி முதல் காலை 5 வரை மட்டும்" என்பது போன்ற நேர வரம்பை, எஃபெக்டிவ் பீரியட் என்ற வரியில் கொடுங்கள். கூகுள் ஹோமில் ஸ்டார்ட்டர், ஆக்ஷன் என்ற பெயர்களில் இவையே இருக்கும். வெர்ஷன் மாறும்போது மெனுவின் இடம் மாறலாம். தாளில் எழுதி வைத்த மூன்று சொற்கள் மாறாது.

"இஃப்" பெட்டியில் ஒன்றுக்கு மேல் கொடுத்தால், "ஏதாவது ஒன்று நடந்தால்" என்றும் "எல்லாமே நடந்தால்" என்றும் இரண்டு தேர்வுகள் வரும். இதை மாற்றிக் கொடுத்தால் விதி தலைகீழாகிவிடும். இரண்டையும் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஏ.ஐ. புரோகிராம்கள், நாம் ஒரு வாக்கியம் சொன்னாலே விதியை எழுதித் தருகின்றன. நல்ல வசதிதான். ஆனால் "மழை வந்தால் நிறுத்து" என்று சொன்னால், நாம் நினைத்தது நிகழ்வா நிலையா என்பதை அதுவும் ஊகிக்கத்தான் செய்யும். வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லும் வேலை நம்முடையதே.

கரண்ட் போனால்? சிக்னல் போனால்?

இரவு 2 மணிக்குப் போன கரண்ட் திரும்பி வருகிறது. வீட்டில் உள்ள ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் ஒன்றாக எரிந்து எல்லோரையும் எழுப்புகின்றன. பல பல்புகள் மின்சாரம் வந்ததும் எரியும்படியே தொழிற்சாலையில் அமைக்கப்பட்டு வருகின்றன. சாதனத்தின் செட்டிங்ஸில், மின்சாரம் திரும்பியதும் எரி, அணைந்தே இரு, முன்பிருந்த நிலைக்குப் போ என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பல்புக்கு "முன்பிருந்த நிலை" நல்லது. மோட்டாருக்கும் கீசருக்கும் "அணைந்தே இரு" என்பதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது இன்டர்நெட். உங்கள் போனில் எழுதிய விதி பெரும்பாலும் எங்கோ உள்ள கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்து ஓடுகிறது. மலையில் சிக்னல் போனால் விதியும் நின்றுவிடும். கம்பெனியே மூடிவிட்டால் நிரந்தரமாக நிற்கும். ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் கருவியைத் தயாரித்த நிறுவனத்தை 2014-ல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்த பெட்டிகள் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன.

இதற்கு மாற்று, விதிகளை வீட்டிலேயே ஒரு சிறு கம்ப்யூட்டரில் ஓட்டுவது. 2013-ல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச சாப்ட்வேரை ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கம்ப்யூட்டரில் நிறுவலாம். வீட்டுக்குள்ளேயே இயங்கக்கூடிய சாதனங்களாகப் பார்த்து வாங்கினால், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் விதிகள் ஓடும். அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த அளவுக்கு இப்போது போக வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்மார்ட் சாதனம் மாட்டிய எல்லா இடங்களிலும் கையால் போடும் சாதாரண சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

பாஸ்வேர்டு யார் கையில்?

வெளியூரில் இருக்கும் மகன் அக்கறையோடு எல்லாம் வாங்கி மாட்டுகிறார். விதிகளையும் தன் போனில் இருந்தே எழுதுகிறார். அவர் ஊருக்குத் திரும்பிய பின், "இந்த விளக்கு ஏம்ப்பா ஒன்பது மணிக்கே அணைஞ்சு போகுது? அப்பா சாப்பிடவே ஒன்பதரை ஆகுதே" என்று அம்மா போனில் கேட்கிறார். மகன் மீட்டிங்கில் இருப்பதால் மாற்ற மறந்துவிடுகிறார். நான்காம் நாள் அம்மா பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். செலவழித்த பணம் மூலையில் கிடக்கிறது. தன் வீட்டு விளக்கை மாற்ற இன்னொருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்பது அம்மாவுக்கு ஏற்படும் மனவருத்தம்.

இதற்குத் தீர்வு எளிது. அம்மாவின் போனிலும் ஆப்பைப் போட்டு, குடும்ப உறுப்பினராகச் சேருங்கள். விதிகளுக்கு "ரூல் 1", "ரூல் 2" என்று பெயர் வைக்காமல், "வாசல் விளக்கு - ராத்திரி 9 வரை" என்று தமிழில் பெயர் வையுங்கள். எந்த எண்ணை எங்கே மாற்றுவது என்பதை ஒரு முறை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். அதே விதிகளை ஒரு தாளில் எழுதி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். இஃப்ட் விதிகள் 19,000-க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர், அவற்றில் ஏறத்தாழப் பாதியில் ரகசியம் கசியவோ வெளியார் தலையிடவோ வாய்ப்பிருப்பதாக 2017-ல் எழுதினார்கள். "வீட்டை விட்டுக் கிளம்பியதும் இணையத்தில் தெரிவி" என்ற விதி, வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே அறிவிப்பதாகும். கதவுப் பூட்டைத் திறக்கும் செயலை எந்தத் தானியங்கி விதியிலும் சேர்க்காதீர்கள்.

எழுதிய பின் சரிபார்க்க

* விதியில் "வந்ததும்" ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா?
* "வரை" எழுதினீர்களா? அதற்குரிய இரண்டாவது விதியை ஆப்பில் சேர்த்தீர்களா?
* சென்சார் கெட்டால் எது நிறுத்தும்?
* கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்? மெயின் சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?
* இரண்டு விதிகள் ஒரே சாதனத்தை எதிரும் புதிருமாக இயக்குகின்றனவா?
* வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இதை மாற்றத் தெரியுமா?

இன்று மாலை ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டில் தினமும் யாராவது எழுந்து போய்ச் செய்யும் ஒரே ஒரு வேலையை இந்த மூன்று சொற்களில் எழுதிப் பாருங்கள். எழுதியதை வீட்டில் உள்ளவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் "ஆமாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்கும் ஓர் "இருந்தால்" சேருங்கள். சாதனம் வாங்குவதைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.